எட்டு கோர் போன்... எட்டு மடங்கு வேகமா?

புது போன் வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது, ‘இது ஆக்டா கோர் சார், சும்மா பறக்கும்!’ என்பதுதான். ஆக்டா கோர் என்றால், ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் மூளைகள் எட்டு. அப்படியானால் நாலு கோர் போனைவிட இரண்டு மடங்கு வேகம் இருக்கணுமே? இருக்காது. ஏன் என்று புரிய, எங்க ஊர் திருவண்ணாமலை பௌர்ணமி கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கருவறை ஒன்றுதான்!

செருப்பு வைக்க, பிரசாதம் வாங்க எட்டு கவுன்ட்டர் திறந்தால் கூட்டம் சீக்கிரம் நகரும். ஆனால், அண்ணாமலையார் கருவறை ஒன்றுதான். எத்தனை வரிசையாக வந்தாலும் அங்கே காத்திருக்கத்தான் வேண்டும்.

போனுக்குள்ளும் அப்படித்தான். சில வேலைகளைப் பங்கு போடலாம். சிலவற்றை ஒரு நேரத்தில் ஒரு கோர்தான் செய்ய முடியும். மற்றவை கைகட்டி நிற்கும். இதை 1967-லேயே கணக்காகச் சொன்னவர், ஐ.பி.எம் பொறியாளர் ஜீன் ஆம்டால்.

ஒரு கோர் 100 விநாடியில் முடிக்கும் வேலை ஒன்று. அதில் 20 விநாடி வேலையைப் பிரிக்கவே முடியாது என்று வைத்துக்கொள்வோம். எட்டு கோர் சேர்ந்தால் மீதி 80 விநாடி, 10 ஆகும். மொத்தம் 30 விநாடி. அதாவது, மூன்று மடங்கு சொச்சம்தான் வேகம். 16 கோர் போட்டாலும் 25 விநாடி. ஆயிரம் கோர் போட்டாலும் 20-க்குக் கீழே இறங்காது!

இன்னொரு விஷயம், பெரும்பாலான போன்களில் எட்டு கோரும் ஒரே பலம் கொண்டவை அல்ல. சில பெரியவை, மற்றவை பேட்டரியை மிச்சம் பிடிக்கும் சின்னவை. எந்த வேலை யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி, ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கும் ‘ஷெட்யூலர்’.

எப்படி அளப்பது?

ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் தரிசித்தார்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. நான் எத்தனை மணி நேரம் நின்றேன் என்பது பக்தரின் கணக்கு. சர்வர்களுக்கு முதல் கணக்கு முக்கியம். கையில் இருக்கும் போனுக்கு இரண்டாவதுதான் முக்கியம்: தொட்டதும் திறக்கிறதா?

மூன்றாவதாக ஒன்று உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் முதல் கிலோமீட்டரை யாரும் வேகமாக நடந்துவிடலாம். போனும் சூடு ஏறியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நிமிட டெஸ்ட்டில் இது தெரியாது.

மார்க்கை மட்டும் நம்பலாமா?

வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் ஆப், 2022 மார்ச்சில் சாம்சங் கேலக்ஸி எஸ்22 உள்ளிட்ட சில மாடல்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. காரணம், மற்ற பல ஆப்களின் வேகத்தைக் குறைத்த அந்த போன்கள், கீக்பெஞ்ச் ஓடும்போது குறைக்கவில்லை. பிறகு சாம்சங் அப்டேட் கொடுத்தது. பரீட்சைக்கு மட்டும் படிக்கும் பிள்ளை கதைதான்!

வாங்கும் முன்...

* ‘சிங்கிள் கோர்’ மார்க்கைத் தனியாகப் பாருங்கள். ஆப் திறக்கும் வேகம் பெரும்பாலும் அதை நம்பித்தான் இருக்கிறது.

* தினமும் பயன்படுத்தும் ஆப்களைக் கடையில் இருக்கும் டெமோ போனில் அடுத்தடுத்து திறந்து பாருங்கள்.

* பத்து நிமிடம் வீடியோ எடுத்துவிட்டு, அதே ஆப்களை மறுபடி திறங்கள். இரண்டு தடவைக்கும் வித்தியாசம் தெரிந்தால் யோசியுங்கள்.

* தீபத்தன்று வீடியோ கால் நின்று நின்று வந்தால் ப்ராசஸரைத் திட்டாதீர்கள். அது டவரில் நெரிசல். எத்தனை கோர் இருந்தாலும் அதற்கு உதவாது!

மாசாமாசம் இ.எம்.ஐ கட்டப்போவது நீங்கள். ஆகவே கடைக்காரரிடம் ‘எத்தனை கோர்?’ என்று கேட்பதைவிட, ‘என் வேலை எத்தனை விநாடியில் முடியும்?’ என்று நீங்களே பார்த்து வாங்குங்கள்.