பொத்தானை அழுத்திய கைக்கு என்ன கிடைத்தது?

தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் என்றதும் அண்ணல் அம்பேத்கரின் பெயரைச் சொல்கிறோம். சரிதான். 1943 வெள்ளத்திற்குப் பின், வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து அதற்கு அடித்தளமிட்டவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் ஆய்வுக்காக அந்த வரலாற்றைப் படிக்கும் என்னால் பஞ்சேத் மண் அணையை அவ்வளவு எளிதில் கடக்க முடியவில்லை.

1959 டிசம்பர் 6. நேரு முன்னிலையில் பொத்தானை அழுத்தி அந்த அணையைத் திறந்து வைத்தவர் புத்னி மேஜன் என்ற சந்தால் தொழிலாளி. நேருவுக்கு மாலையிட்டதால் 'அவர் மனைவி' என்று ஊர் அவரை ஒதுக்கியது. 1962இல் வேலையும் பறிபோனது.

ஊடகங்களுக்கு இது 'பழங்குடி மூடநம்பிக்கை'க் கதை. ஊர் செய்தது கொடுமைதான், மறைக்கவில்லை. ஆனால் அவர்களின் நிலத்தை விழுங்கியது எந்த மூடநம்பிக்கை? கீழே வங்கத்துச் சமவெளியை வெள்ளத்திலிருந்து காக்க, மேலே ஆதிவாசியின் வயல் நிரந்தரமாக மூழ்கியது. இதற்குப் பெயர் வளர்ச்சி!

யார் நிலம், யார் உழைப்பு, யாருக்குப் பயன் என்று கேட்கக் கற்றுத் தந்தவர் அம்பேத்கர். தோழர்களே, அவர் கைபட்ட திட்டத்திடமும் அதைக் கேட்போம். கேட்காமல் கொண்டாடுவது பக்தி. அதை அவரே ஏற்றதில்லை.