தியாகம் என்கிற சோம்பேறி வார்த்தை

'தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி' (1995) பற்றி நம்மாட்கள் எழுதினால் கடைசியில் 'தியாகம்' என்று முடித்து, பிரான்செஸ்காவுக்கு ஒரு பொன்னாடையும் போர்த்திவிடுகிறார்கள். சுத்த அபத்தம்.

படத்தை ஒழுங்காகப் பாருங்கள். 1965, அயோவாவில் ஒரு பண்ணை வீடு. கணவனும் பிள்ளைகளும் ஊரில் இல்லாத நான்கு நாட்கள். பெட்டி கட்டியபிறகுதான் அவள் ராபர்ட்டிடம் வாதாடுகிறாள்: கிளம்பிவிட்டால் வலிக்கெல்லாம் இந்தக் காதலையே குற்றம் சொல்வேன், இந்த நாட்களும் அசிங்கமாகிவிடும் என்று. இது தீர யோசித்து எடுத்த முடிவு. மழையில் வண்டியின் கதவுப்பிடியை இறுக்கும் அந்தக் கைக்கு அதன் விலையும் தெரியும். வாழ்நாளைக் குடும்பத்துக்குக் கொடுத்தவள், தன் சாம்பலை ரோஸ்மன் பாலத்திலிருந்து தூவச் சொல்கிறாள். ராபர்ட்டின் சாம்பலைத் தூவிய அதே இடம். தியாகி இப்படிப் பங்கு கேட்பாளா?

சாகக் கிடக்கும் கணவன் ரிச்சர்டே, அவளுக்கும் கனவுகள் இருந்ததைச் சொல்லி வருந்துகிறான். அயோவா விவசாயிக்குப் புரிந்தது நம் விமர்சகர்களுக்குப் புரியவில்லை. 'தியாகம்' என்று சொல்லிவிட்டால், உனக்கு என்ன வேணும்னு அவளை அந்த வீட்டில் யாரும் கேட்காததைப் பற்றிப் பேச வேண்டாம், பாருங்க. ரொம்ப வசதி.