முடி வீழ்ந்தது, வாள் எஞ்சியது

1912ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள், பீக்கிங் நகரத்து அரண்மனையில், ஆறு வயது நிறைந்து ஐந்தே நாட்களான ஒரு பாலகனின் பெயரால், அவனுக்கு மாதா ஸ்தானத்தில் இருந்த லுங்யூ மகாராணி சாசனம் ஒன்றை வெளியிட்டாள். கி.மு. 221இல் முதல் சக்கரவர்த்தி சீன தேசத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த நாள் தொட்டு, வமிசங்கள் எத்தனை மாறினும் தான் மாறாது நிலைத்திருந்த முடியாட்சி முறை அந்தச் சாசனத்தோடு முடிந்தது. பிரெஞ்சு தேசத்துப் பதினாறாம் லூயியைப்போல அந்தப் பாலகன் கொலைக்களம் ஏறவில்லை. ருஷ்யாவின் ஜார் நிக்கோலஸைப்போலக் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்படவும் இல்லை. பட்டப்பெயரை வைத்துக்கொள்ளலாம், அரண்மனையிலேயே வசிக்கலாம், ஆண்டொன்றுக்கு 40 லட்சம் டேல் வெள்ளி மானியமாகப் பெறலாம் என்ற உடன்படிக்கையோடு, பூயி என்னும் அச்சிறுவன் சிங்காதனத்தை விட்டு இறங்கினான்.

ஓர் அரசு இவ்வளவு எளிதாக இறங்கிய பிறகு, அந்த நாட்டு மக்கள் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உள்நாட்டுப் போரிலும் அந்நியப் படையெடுப்பிலும் பஞ்சத்திலும் உழல நேர்ந்தது ஏன் என்னும் கேள்வி, புரட்சிகளைப் பற்றிச் சிந்திப்போர் எவரும் தாண்டிச் செல்லக் கூடாத கேள்வியாகும். சிங்காதனம் எளிதில் வீழ்ந்ததற்கும், அதன்பின் மக்கள் நெடுங்காலம் துன்புற்றதற்கும் காரணம் ஒன்றே என்பது என் துணிபு. தன்னைத் தவிர வேறெந்த ஸ்தாபனமும் வேரூன்ற அந்த அரசு இடம் கொடுக்கவில்லை. எனவே, அது சரிந்த அன்று அதன் இடத்தை நிரப்பப் படை ஒன்றைத் தவிர வேறொன்றும் நாட்டில் இருக்கவில்லை.

1644 முதல் ஆண்ட, சீனரல்லாத மஞ்சு இனத்து வமிசத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் கூறுவோர் பெரும்பாலும் அந்நியரிடம் பட்ட அவமானங்களையே வரிசையாக அடுக்குவர். அபினி யுத்தத்தில் தோற்று 1842இல் நான்கிங் உடன்படிக்கையால் ஹாங்காங்கை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்ததும், 1895இல் ஜப்பானிடம் தோற்றுத் தைவான் தீவை இழந்து 20 கோடி டேல் வெள்ளியைத் தண்டமாக ஏற்றதும், அந்நியருக்கு எதிராக எழுந்த 1900ஆம் ஆண்டு பாக்ஸர் கலகத்தின் முடிவில் எட்டு நாட்டுப் படைகள் தலைநகரில் புகுந்து, 45 கோடி டேல் வெள்ளியை வட்டியோடு 39 ஆண்டுகளில் செலுத்துமாறு விதித்ததும் உண்மையே. விண்ணுலகின் ஆணை பெற்றே மன்னன் ஆள்கிறான் என்றும், தகுதி இழந்தவனிடமிருந்து அவ்வாணை நீங்கிவிடும் என்றும் வழிவழியாக நம்பிவந்த ஜனங்களுக்கு, இத்தோல்விகள் வெறும் தோல்விகளாக மட்டும் தோன்றியிருக்க முடியாது.

ஆயினும் வறுமையும் அவமானமும் மட்டுமே முடிகளைக் கவிழ்க்குமானால், மஞ்சு அரசு 1850க்கும் 1864க்கும் இடையிலேயே கவிழ்ந்திருக்க வேண்டும். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் தைப்பிங் கலகம் தென்சீனத்தைச் சுடுகாடாக்கியது. மாண்டோர் தொகையைக் கோடிகளில்தான் கணக்கிடுகிறார்கள். நான்கிங் நகரமே கலகக்காரரின் தலைநகராயிற்று. அப்படியும் அரசு பிழைத்ததற்குக் காரணம், ஸெங் குவோஃபான் போன்ற கற்றறிந்த பிரமுகர்கள் தத்தம் மாகாணங்களில் படை திரட்டி அதன் பக்கம் நின்றதே. அவர்களை அரசோடு பிணைத்திருந்த கயிறு, 1,300 ஆண்டுகளாக நடந்துவந்த உத்தியோகப் பரீட்சை. ஊர்ப்புறத்து நிலக்காரர் மகன் இளமை முழுவதையும் கன்பூசியஸின் நூல்களில் செலவிட்டு, பரீட்சையில் தேறினால் அரசனின் அதிகாரியாகலாம் என்ற நம்பிக்கையில் வாழ்ந்தான். அந்த நம்பிக்கை நின்றவரையில் அவனுடைய நலமும் அரசனுடைய நலமும் ஒன்றாகவே இருந்தன.

அந்தப் பரீட்சையை 1905ஆம் ஆண்டில் அரசே ஒழித்தது. 1898இல் இளம் சக்கரவர்த்தி குவாங்ஸு தொடங்கிய சீர்திருத்தங்களை நூறு நாட்களுக்குள் அடக்கி, அவரையே சிறையிட்ட முதிய மகாராணி ட்ஸூ ஸி, பாக்ஸர் அவமானத்துக்குப்பின் தானே அதே பாதையில் இறங்கினாள். புதிய பள்ளிக்கூடங்கள் எழுந்தன. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஜப்பானுக்குச் சென்றார்கள். ஐரோப்பிய முறையில் பயின்ற புதிய சைன்யம் உருவாயிற்று. 1909இல் மாகாண சபைகள் கூடின. இவை யாவும் தேவையான காரியங்களே. இவற்றைச் செய்யாதிருந்தாலும் அந்த அரசு பிழைத்திராது. ஆனால், ஜப்பானுக்குப் போன மாணவன் குடியரசு வாதியாகத் திரும்பினான். புதிய சைன்யத்தின் சிப்பாய் பாசறையில் படிக்கக் கற்றதும் ரகசியப் பத்திரிகைகளைப் படித்தான். மாகாண சபையில் அமர்ந்த பிரமுகர், பேசும் உரிமை மட்டும் தமக்குப் போதாது என்று கண்டார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால், வளர்த்தவர் அதற்குத் தீனியும் கொடுக்காமல் தறியையும் பிடுங்கிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

1908ஆம் ஆண்டு நவம்பரில், ஒருநாள் இடைவெளியில் குவாங்ஸுவும் ட்ஸூ ஸியும் மறைந்தனர். மூன்று வயதும் நிரம்பாத பூயி பட்டத்துக்கு வந்தான். அவன் தந்தை சுன் இளவரசர் பிரதிநிதியாக இருந்து ஆண்டார். பாராளுமன்றத்தை உடனே கூட்டுங்கள் என்று 1910இல் மாகாண சபையினர் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார்கள். அவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். அரசன் இருக்கட்டும், சட்டத்துக்கு அடங்கி இருக்கட்டும் என்று விரும்பிய ராஜ விசுவாசிகள். அவர்களுக்குக் கிடைத்த விடை, 1911 மே மாதத்தில் அமைந்த மந்திரிசபை. பதின்மூன்று மந்திரிகளில் சீனர் நால்வரே. மற்றவருள் பெரும்பாலோர் அரச குடும்பத்தார். நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சீனராயிருக்க, ஆட்சியை ஒரு குடும்பத்தின் சொத்தாக வைத்துக்கொள்வோம் என்று அரசு அன்று வெளிப்படையாகவே கூறிவிட்டது. அந்த நாளில் நெஞ்சு கசந்து வீடு திரும்பிய விசுவாசிகளைத்தான், புரட்சியின் மெய்யான காரணகர்த்தர்களாக நான் கருதுகிறேன்.

அதே மே மாதத்தில் இன்னொரு பிழையும் நேர்ந்தது. மாகாணத்தார் தம் பணத்தைப் போட்டுத் தொடங்கிய பெரிய ரயில் பாதைகளை மத்திய அரசு தன்வசம் எடுத்துக்கொண்டு, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டு வங்கிகளிடம் அவற்றுக்காகக் கடன் வாங்கிற்று. சிச்சுவான் மாகாணத்தில் அந்த ரயில் பங்குகளுக்குரிய பணம் செல்வரிடமிருந்து மட்டும் வந்ததன்று. நில வருவாயின்மேல் விதித்த மேல்வரியாகக் குடியானவரிடமிருந்தும் திரண்டது. எனவே, தம் பணம் போயிற்று, பாதையும் அந்நியன் கைக்குப் போகிறது என்ற கொதிப்பு, ரயிலையே கண்டிராத கிராமங்களிலும் பரவியது. கடைகள் அடைபட்டன; வரி நின்றது; செப்டம்பர் 7ஆம் நாள் செங்டூ நகரில் விண்ணப்பத்தோடு வந்த கூட்டத்தின்மீது துப்பாக்கிகள் வெடித்தன. அக்கிளர்ச்சியை அடக்க ஹூபே மாகாணத்துப் படைகளில் ஒரு பகுதியை அனுப்பியபோது, வூசாங் நகரத்தின் காவல் தளர்ந்தது.

புரட்சிக்காரர்களின் தியாகத்தை இங்கு வணங்காமல் செல்வது முறையன்று. டாக்டர் சுன் யாட் சென் வைத்தியத் தொழிலைத் துறந்து, 1895 முதல் நாடு கடந்து திரிந்தவர். 1905இல் டோக்கியோவில் புரட்சிச் சங்கங்களை ஒன்று சேர்த்தவர். தமிழரும் நெடுங்காலமாகக் குடியேறி வாழும் பினாங்கு நகரில், 1910 நவம்பரில், கடல் கடந்து வாழ்ந்த சீன வணிகரிடமும் தொழிலாளரிடமும் நிதி வேண்டி நின்று அவர் வகுத்த திட்டமே, மறு ஆண்டு ஏப்ரலில் கான்டன் நகரத்து எழுச்சியாக வெடித்துத் தோல்வியுற்றது; அதில் மாண்டவருள் 72 பேரின் சமாதி இன்றும் அந்நகரில் உள்ளது. ஆனால், வெற்றி அவர் வகுத்த வழியில் வரவில்லை. 1911 அக்டோபர் 9ஆம் நாள், வூசாங்குக்கு ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள ஹாங்கோ நகரில், புரட்சிக்காரர்கள் ரகசியமாக வெடிகுண்டு செய்த இடத்தில் தற்செயலாக ஒரு குண்டு வெடித்தது. உறுப்பினர் பட்டியல் போலீசார் கையில் அகப்பட்டது. மறுநாள் விடியலில் மூவர் சிரச்சேதம் செய்யப்பட்டனர். பட்டியலில் தம் பெயரும் இருக்குமென்று அஞ்சிய வூசாங் சிப்பாய்கள், சாவதானால் போராடிச் சாவோம் என்று அன்றிரவே ஆயுதசாலையைக் கைப்பற்றினர். மாகாண அதிபதி கப்பலேறி ஓடினார். சுன் யாட் சென் அப்போது அமெரிக்காவில் டென்வர் நகரில் இருந்தார். செய்தியை அங்கே பத்திரிகையில்தான் படித்தார்.

இரண்டே மாதங்களில் பெரும்பாலான மாகாணங்கள் பீக்கிங்கோடு உறவறுத்துக்கொண்டன. பல இடங்களில் போரே நடக்கவில்லை. மாகாண சபைத் தலைவரும் படைத் தலைவரும் கூடிப் பேசிக் கொடியை மாற்றினார்கள். சில இடங்களிலோ பழி தலைவிரித்தாடியது. சியான் நகரின் மஞ்சுக் குடியிருப்பில் ஆயிரக்கணக்கான குடும்பத்தார், பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். புரட்சியின் பெருமையைப் பேசும் எவரும் இந்த இரத்தத்தை மறைத்துப் பேசலாகாது.

கலங்கிய அரசு, வடபுலத்துப் புதிய சைன்யத்தை உருவாக்கியவரும், 1909இல் பதவியிலிருந்து விரட்டப்பட்டவருமான யுவான் ஷிகாயை மீண்டும் அழைத்தது. அவர் ஒரு கையால் புரட்சிப் படையை அடித்து, மறு கையால் அதனோடு பேரம் பேசினார். 1912 ஜனவரி முதல் நாள் நான்கிங்கில் தற்காலிக ஜனாதிபதியாகப் பதவியேற்ற சுன் யாட் சென்னிடம் பணமும் இல்லை, போதிய படையும் இல்லை. உள்நாட்டுப் போர் நீண்டால் அந்நிய வல்லரசுகள் புகுந்துவிடும் என்ற நியாயமான அச்சத்தால், மன்னனை விலகச் செய்வாரானால் யுவானுக்கே ஜனாதிபதி பதவியைத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார்; சொன்ன சொல்லையும் காத்தார். அந்தத் துறவு மனம் உயர்ந்தது. ஆயினும், மன்னனை இறக்கியது படைத்தலைவனின் பேரமே என்றானபின், நாட்டின் ஆட்சி அவன் வசமானதில் வியப்பில்லை.

பின்விளைவுகள் விரைந்து வந்தன. 1912 இறுதியில் தொடங்கிய தேர்தலுக்குச் சுமார் நாலு கோடி ஆடவர் வாக்காளராகப் பதிவாயினர். பெண்டிருக்கு உரிமை மறுக்கப்பட்டது. வெற்றி பெற்ற குவோமிண்டாங் கட்சியின் இளம் தலைவர் சுங் சியாவோரென், பாராளுமன்றத்துக்குப் பொறுப்பான மந்திரிசபையே ஆளவேண்டும் என்று நாடெங்கும் பேசியவர். 1913 மார்ச் 20ஆம் நாள், பீக்கிங் செல்ல ஷாங்காய் ரயில் நிலையத்துக்கு வந்தபோது சுடப்பட்டு, இரு நாட்களில் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் பாராளுமன்றத்தையே யுவான் கலைத்தார். 1915 டிசம்பரில் அவர் தம்மையே சக்கரவர்த்தியாக்கிக்கொள்ள முனைந்தார். மாகாணங்கள் எதிர்த்தெழவே மூன்று மாதங்களில் அதைக் கைவிட்டு, 1916 ஜூனில் இறந்தார். அவர் சேர்த்து வைத்த சைன்யம் அவருக்குப்பின் துண்டு துண்டாகி, துண்டுக்கொரு தலைவன் வரி வாங்கி, ஊரைக் கொளுத்தி, ஒருவனோடொருவன் பொருதான். மக்கள் ஒரு மன்னனுக்குப் பதில் பல மன்னர்களுக்குத் தீனியிட்டார்கள்.

ஆதலால் 1911 வீணாயிற்றா? அப்படிச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. யுவானாலும், 1917இல் பூயியைப் பன்னிரண்டு நாட்கள் மீண்டும் அரியணையில் வைத்துப் பார்த்த தளபதி சாங் ஷுன்னாலும் முடியாட்சியை நிலைநிறுத்த முடியாமற் போனதே, மக்கள் மனத்தில் ஒரு கதவு மூடிவிட்டது என்பதற்குச் சான்று. மஞ்சு ஆட்சி சீன ஆடவர்மேல் திணித்த, அடிமைச் சின்னமாகத் தொங்கிய தலைப்பின்னல் அறுந்தது. பெண்களின் பாதங்களைக் கட்டும் கொடுமையைக் குடியரசு விலக்கிற்று. 1919 மே 4ஆம் நாள் நாட்டின் உரிமைக்காக வீதிக்கு வந்த மாணவர் தலைமுறை, மன்னனுக்கு மண்டியிடாமல் வாலிபம் எய்திய முதல் தலைமுறை. எனினும், அக்காலத்தை வாழ்ந்து பார்த்த எழுத்தாளர் லூ சுன், ‘ஆ கியூ’ என்னும் ஏழைக் கூலியின் கதையில், பட்டப்பெயர்கள் மாறியும் ஊரை ஆள்வோர் மாறாத ஒரு சிற்றூரை நம் கண்முன் நிறுத்தினார். அந்தக் கூலியின் குடிசை வாசல்வரை அந்தப் புரட்சி நடந்து செல்லவில்லை.

சுன் யாட் சென்னும் ஒரு பாடம் கற்றார். தனக்கென்று படையில்லாத புரட்சி பிறர் படைக்கு இரையாகும் என்று கண்டு, 1924இல் வாம்போவா ராணுவப் பள்ளியைத் தொடங்கினார். அவர் நிலையில் வேறு வழி இருந்ததென்று எளிதாகச் சொல்ல முடியாது. ஆனால், அதன்பின் சீனத்தில் கட்சி என்றால் படையுடைய கட்சி என்றாயிற்று. 1949வரை அந்நாட்டின் தலைவிதியைப் போர்க்களங்களே தீர்மானித்தன.

ஒரு மன்னன் தன் குடிகளுக்குச் செய்யக்கூடிய பெருந்தீங்கு வரியோ சிறையோ அன்று. தான் இல்லாத நாளில் அவர்கள் கூடி அமர்ந்து பேசித் தீர்க்கப் பழகுவதற்கு ஒரு மன்றமும் வளர விடாததே அவன் செய்யும் பெருந்தீங்கு. முடியைக் கவிழ்க்கப் புறப்படுவோருக்கும் இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. சிங்காதனம் சரியும் நாளில் வெற்றி முழக்கம் செய்ய எல்லோரும் இருப்பார்கள். அன்றிரவு கருவூலத்தின் சாவியும் ஆயுதசாலையின் சாவியும் யார் கையில், எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருக்கும் என்பதை முன்னமே முடிவு செய்து வைத்தவர்களே மக்களுக்கு விடுதலை தருகிறார்கள். 1910இல் பீக்கிங் அரண்மனை வாயிலில் விண்ணப்பத்தோடு நின்றவர்களுக்கு அன்று ஒரு பாராளுமன்றம் கிடைத்திருந்தால், மூன்று ஆண்டுகள் கழித்து ஷாங்காய் ரயில் நிலையத்தில் வெடித்த ஒரு துப்பாக்கிக் குண்டு ஒரு குடியரசையே சாய்த்திருக்க முடியாது.