படகு வாங்கியாச்சு, எங்கே கட்டுவது?

பார்சிப்பனியில் கடல் கிடையாது. ஆனாலும் போன ரெண்டு வருஷத்தில் எனக்குத் தெரிந்த மூன்று தமிழ்க் குடும்பங்கள் பாய்மரப் படகு வாங்கிவிட்டன. எல்லாம் பழைய படகுதான், இருபத்தைந்து முப்பது அடி நீளம். ஒரு புது மினிவேனைவிட விலை ரொம்பக் குறைவு. மூன்று வீட்டிலும் கணவனோ மனைவியோ இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சின்ன வயசு சம்மர் கேம்ப்பில் படகு ஓட்டப் பழகியவர். என்னை மாதிரி எம்.எஸ். படிக்க வந்தவனுக்கு அந்தத் தைரியம் லேசில் வராது. நான் அவர்களோடு போய்க் கயிறு பிடிக்கிற ஆள்.

வாங்குவது பெரிய வேலை இல்லை. ஒரு சர்வேயரைக் கூட்டிப்போய்க் காட்டி, பேரம் பேசினால் முடிந்தது. அடுத்த கேள்விதான் பிப்ரவரி, மார்ச்சில் எல்லோரையும் படுத்தும்: இதை எங்கே கட்டுவது? 'ஸ்லிப்' என்று இங்கே சொல்கிறார்களே, அது தண்ணீரில் உங்க படகுக்கான ஒரு பார்க்கிங். சீசன் வாடகைக்கு எடுக்கணும், பெரும்பாலும் அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. நம்ம ஆட்கள் அந்த அடிக்கணக்கை எக்ஸெல்லில் போட்டு, எது மலிவோ அதற்குப் போகிறார்கள். என் கட்சி வேறு. ஸ்லிப்பை வாடகையைப் பார்த்து எடுக்கக்கூடாது. உங்க வீட்டிலேயே அதிகம் தடுமாறி நடக்கிற ஆள் யாரோ, அவரைப் பார்த்து எடுக்கணும். நாலு வயசுப் பிள்ளையும் எழுபது வயசுப் பாட்டியும் ஏறி இறங்க முடிந்தால்தான் அது உங்களுக்கான இடம்.

மரீனா என்று சொன்னால் ஊரிலிருக்கிற என் அம்மாவுக்குச் சுண்டல்தான் ஞாபகம் வரும். சென்னை மெரினாவில் படகைக் கட்டவே முடியாது என்பது வேடிக்கைதான். நேர்கோடு மாதிரி கரை, விடாத அலை. அதனால்தான் நம்ம மீனவர்கள் கட்டுமரத்தைக் கட்டி வைக்கவில்லை, கரையில் இழுத்துப் போட்டார்கள். கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காய வைத்தால் ஆச்சு, மணல்தான் ஸ்லிப். மெட்ராஸில் வெள்ளைக்காரனுக்குப் பாய்மரப் படகு நிறுத்த இடம் வேண்டுமென்றபோது, செயற்கையாகக் கட்டின துறைமுகத்துக்கு உள்ளேதான் போகவேண்டியிருந்தது. துறைமுகத் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் ஆரம்பித்த ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றைக்கும் துறைமுகத்தில்தான் இருக்கிறது. நம்ம கட்டுமரம் என்ற சொல்தான் இங்கே 'கேட்டமரான்' ஆனது. ஆனால் அந்த ரெட்டை உடல் படகு வாங்கினீர்கள் என்றால் அகலம் அதிகம், சாதாரண ஸ்லிப்பில் நுழையாது. பல இடங்களில் ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு வாடகை கேட்பார்கள்.

பார்சிப்பனியிலிருந்து மூன்று திசையில் போகலாம்.

மேற்கே 80-இல் இருபத்தைந்து நிமிஷம் ஓட்டினால் லேக் ஹொபாட்காங். நியூ ஜெர்சியின் மிகப் பெரிய ஏரி, சுமார் 2,500 ஏக்கர். கிழக்கே 280 பிடித்து ஜெர்சி சிட்டி போனால் ஹட்சன் நதி. சாலை காலியாக இருந்தால் முக்கால் மணி நேரம்தான், ஆனால் சாலை எப்போது காலியாக இருந்திருக்கிறது? தெற்கே 287 பிடித்து, பார்க்வேயில் இறங்கிப் போனால் ராரிடன் வளைகுடா, கீபோர்ட், அட்லாண்டிக் ஹைலேண்ட்ஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல். ஜூலை சனிக்கிழமை என்றால் கடற்கரைக்குப் போகிற கூட்டத்தோடு சேர்த்து எவ்வளவு ஆகும் என்று நான் சொல்லமாட்டேன்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி. முதல் ரெண்டு இடமும் ஒரு காலத்தில் ஒரே தண்ணீரால் இணைந்திருந்தன. ஹொபாட்காங் ஏரி கடல் மட்டத்துக்கு 900 அடிக்கு மேலே இருக்கிறது. அதிலிருந்து தண்ணீர் எடுத்துத்தான் மாரிஸ் கால்வாய் ஓடியது. நம்ம பக்கத்து ஊர் பூன்டன் வழியாக வந்து, 1836 முதல் ஜெர்சி சிட்டி வரைக்கும் போனது. 1924-இல் கைவிட்டார்கள். அந்தக் கால்வாய் ஹட்சனில் முடிந்த தொட்டியில்தான் இன்றைக்கு லிபர்ட்டி லேண்டிங் மரீனா இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஹிஸ்டரி ப்ராஜெக்ட் வந்தால் ஞாபகம் வையுங்க.

ஏரி பக்கம். உப்பு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, அடியில் சிப்பி ஒட்டாது. பிள்ளைகள் பழக அருமை. ஆனால் ஒரு மணி நேரத்தில் ஏரி தீர்ந்துவிடும், திரும்பணும். குளிர்காலத்தில் ஏரி மட்டத்தை வேண்டுமென்றே இறக்குவார்கள், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஐந்து அடி வரை. அதற்கு முன்னால் படகு வெளியே வந்தாகணும். 2019 கோடையில் நச்சுப் பாசி வந்து, ஏரியில் இறங்காதே என்று எச்சரிக்கை போட்டதும் நினைவிருக்கும். ஹட்சனில் அந்தக் கவலை இல்லை, மன்ஹாட்டனைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம். ஆனால் ஃபெர்ரி போகிற ஒவ்வொரு தடவையும் அலை வந்து கட்டிய படகையே ஆட்டும். நதியின் ஓட்டமும் பலமானது, பழகாதவர்கள் ஸ்லிப்புக்குள் திரும்பி நுழையும்போது திணறுவார்கள். உண்மையான படகோட்டம் வேண்டும் என்றால் வளைகுடாதான். சாண்டி ஹூக் மறைப்புக் கொடுக்கிறது, கோடை மதியத்தில் தெற்கிலிருந்து காற்று நம்பி வரும்.

சரி, எக்ஸெல்லைத் திறந்துதான் ஆகணும் என்றால் இந்தக் கணக்கைப் போடுங்க. மே முதல் அக்டோபர் நடு வரைக்கும் இருபத்து நாலு வாரக்கடைசி. ஜூன் வரைக்கும் தமிழ்ப் பள்ளி. நடுவில் ரெண்டு அரங்கேற்றம், நாலு பர்த்டே, ஒரு கிராஜுவேஷன், ஐந்து வாரம் இந்தியா. மழை வேறு. மிச்சம் பத்து தேறினால் அதிர்ஷ்டம். உதாரணத்துக்கு, தூரத்து ஸ்லிப் 3,000 டாலர், ஆறு தடவை போனீர்கள்: ஒரு தடவைக்கு 500. பக்கத்து ஸ்லிப் 4,500, ஆனால் வாரநாள் சாயங்காலமும் சேர்த்துப் பதினெட்டு தடவை: 250. மலிவு எது? படகுக்குச் செலவழித்து அதைப் பார்க்கப் போகாமலே விட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் காற்று இல்லை, கார்.

இப்போது பாட்டி விஷயம். விசிட்டர் விசாவில் ஆறு மாசம் வந்தால், அது அப்படியே படகு சீசன். விட்டுவிட்டுப் போக முடியாது, அவரும் வரத்தான் செய்வார், எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு. சாண்டி ஹூக் பக்கம் தண்ணீர் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி இறங்குகிறது, சராசரியாக 4.7 அடி. கம்பத்தில் அடித்த அசையாத பலகை டாக் என்றால், தண்ணீர் இறங்கின நேரத்தில் படகு உங்க இடுப்புக்குக் கீழே போயிருக்கும். புடவையோடு ஒரு ஏணியில் இறங்கச் சொல்ல முடியுமா? மிதக்கும் டாக் படகோடு சேர்ந்து ஏறி இறங்கும், படியேறுகிற மாதிரி ஒரே எட்டு. இந்த ஒரு வித்தியாசத்துக்காக நான் கூடுதல் வாடகை கொடுப்பேன். கரையிலிருந்து மிதக்கும் டாக்குக்கு இறங்கும் சரிவுப் பாலத்தையும் தண்ணீர் வற்றின நேரத்தில் பாருங்க, செங்குத்தாகிவிடும். அப்படியே பாத்ரூம் எவ்வளவு தூரம் என்றும் பாருங்க. சிரிக்காதீங்க, நாலு வயசுப் பிள்ளை இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

பாய்மரப் படகின் அடியில் கீல் இருக்கிறது, முப்பது அடிப் படகுக்கு நாலைந்து அடி ஆழம் கேட்கும். ராரிடன் வளைகுடாவில் சேறான ஆழமில்லாத ஓரங்கள் நிறைய. "எட்டடி ஆழம்" என்று சொன்னால், எப்போது எட்டடி என்று கேளுங்க. உங்களுக்கு வேண்டியது தண்ணீர் மிகவும் இறங்கின நேரத்து ஆழம். ஆற்றுக்குள் போகிற மரீனா என்றால் பாலத்தின் உயரமும் வேண்டும்.

இனி சொல்வது, இங்கே நான் சொல்கிறதிலேயே முக்கியமானது. ஒவ்வொரு ஸ்லிப்பிலும் மின் இணைப்பு உண்டு. ஏதாவது ஒரு படகில் வயரிங் சரியில்லை என்றால் மின்சாரம் தண்ணீரில் கசியும். உப்புத் தண்ணீர் நன்றாக மின்சாரம் கடத்துவதால் உடம்பைச் சுற்றிப் போய்விடும். நல்ல தண்ணீர் அவ்வளவு கடத்தாது. அங்கே மனுஷ உடம்புதான் சுலபமான வழி, அதற்குள் பாயும். ஆளைக் கொல்லும் அளவு இல்லாத மின்சாரம்கூடத் தசையை முடக்கிவிடும், நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளையும் சத்தமில்லாமல் மூழ்கிவிடும். அதனால் ஏரி மரீனாவில் டாக்கிலிருந்து குதித்து நீந்துவது கிடையவே கிடையாது. பக்கத்துப் படகுப் பையன்கள் குதித்தாலும் சரி. தண்ணீரில் இருக்கும்போது உடம்பு ஊறுகிற மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் டாக்கை விட்டு விலகி நீந்தணும், ஏணியைத் தேடி வரக்கூடாது. கரையில் இருக்கிறவர் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, மிதவை வளையத்தை எறியணும். பாசத்தில் பின்னாலேயே குதித்தால் ரெண்டு பேர் போவார்கள். ஒவ்வொரு மின் பெட்டியிலும் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற பாதுகாப்பு இருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்க. பதில் சொல்லத் தெரியாமல் முழித்தால் அடுத்த மரீனா.

நியூ ஜெர்சி சட்டப்படி, ஓடுகிற படகில் 12 வயசும் அதற்குக் கீழும் இருக்கிற பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கணும். கட்டி நிற்கிற படகுக்கும் டாக்குக்கும் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் பெரியவர்கள் கூலர் தூக்குகிற, கயிறு கட்டுகிற நேரம் அதுதான், யாரும் பிள்ளையைப் பார்க்காத நேரம். எனவே கார் கதவு திறக்கும்போதே ஜாக்கெட்.

புயல். 2012 அக்டோபர் 29, சாண்டி வந்தபோது சாண்டி ஹூக்கில் கடல் இயல்பைவிட எட்டரை அடி உயர்ந்தது பதிவானது, அதற்குப் பிறகு கருவியே செத்துவிட்டது. அட்லாண்டிக் ஹைலேண்ட்ஸ் துறையின் டாக்குகள் சிதறின. மிதக்கும் டாக் உயரமான கம்பங்களில் வளையம் மாதிரி மாட்டியிருக்கும். தண்ணீர் கம்பத்தின் தலைக்கு மேலே போனால் டாக் அதில் கட்டின படகுகளோடு கழன்று மிதந்து போகும். ஆகவே டாக்கில் நின்று கம்பத்தை அண்ணாந்து பாருங்க, தண்ணீர் ஏறின நேரத்திலும் தலைக்கு மேலே நிறைய மிச்சம் இருக்கணும். புயல் எச்சரிக்கை வந்தால் படகைத் தூக்கிக் கரையில் வைக்க யார் பொறுப்பு, எந்த வரிசையில், எவ்வளவு கட்டணம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். சின்ன எழுத்தில். சாஃப்ட்வேர் லைசென்ஸ் மாதிரி கீழே இறங்கி 'சம்மதம்' தட்டிவிட்டு வராதீங்க, இது உங்க இன்ஷூரன்ஸ் கம்பெனியும் படிக்கிற காகிதம்.

ஸ்லிப்புக்குப் பதிலாக நடுத்தண்ணீரில் மிதவையில் கட்டுகிற மூரிங் ரொம்ப மலிவு, சின்னப் படகில் போய் ஏறணும். பிள்ளைகள் பத்து வயசைத் தாண்டட்டும், அப்புறம் பேசலாம்.

நல்ல ஸ்லிப்புகள் வசந்தத்துக்கு முன்னாலேயே போய்விடும், சில ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் வேறு. அதனால் குளிரோடு குளிராக இப்போதே போய்ப் பாருங்க. தண்ணீர் இறங்குகிற நேரம் போனிலேயே கிடைக்கும், அந்த நேரத்துக்குப் போங்க, காற்று அடிக்கிற நாளாக. பிள்ளைகளையும் கூட்டிப் போங்க, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும். காரை நிறுத்தின இடத்திலிருந்து அந்த ஸ்லிப் வரைக்கும், ஒரு கையில் கூலரோடு நடந்து பாருங்க.