ஒரு மூக்கு, மூன்று கண்ணாடி

தமிழ்நாட்டில் கறுப்புக் கண்ணாடிக்கு எப்போதுமே தனி மவுசு உண்டு. எம்.ஜி.ஆரையும் கலைஞர் கருணாநிதியையும் அது இல்லாமல் நினைத்துப் பார்க்க முடிகிறதா? சினிமாவில் கதாநாயகன் போட்டால் ஸ்டைல். வில்லன் போட்டால் பயம். கண்வலி வந்தவர் போட்டுக்கொண்டு வந்தால் நாமே இரண்டடி தள்ளி நிற்கிறோம். ஆனால் மலை ஏறப் போகிறவர் போட்டுக்கொண்டால் மட்டும், "எதற்கு சார் இந்த வேஷம்?" என்று கேட்டுவிடுகிறோம்.

வேஷமா, அவசியமா? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மலை ஏறுகிறவர்களுக்கென்று இப்போது ஒரு புதுவகைக் கண்ணாடி கடைகளில் கிடைக்கிறது. சட்டம் ஒன்று; மாட்டிக் கழற்றும் கண்ணாடிகள் மூன்று ஜோடி. வெயிலுக்குக் கறுப்பு, நிழலுக்கும் மஞ்சு மூட்டத்துக்கும் மஞ்சள், அந்திக்கு நிறமே இல்லாதது. "ஒரு தலைக்கு மூன்று தலைப்பாகையா?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. 2,000 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டு கோடைக்கானலுக்குப் பஸ் ஏறினேன்.

கோடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து டால்பின்ஸ் நோஸ் என்ற பாறை முனைக்கு ஒரு நடைபாதை இறங்குகிறது. இந்தச் சோதனைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கொஞ்ச தூரம் வெட்டவெளி. பிறகு மரங்களின் அடர்த்தி. வேர்கள் பாதையின் குறுக்கே பாம்புகளைப் போல் நெளிந்து கிடக்கும். கடைசியில் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைப் பாறை. இத்தனைக்கும் நடுவே, சொல்லாமல் வரும் விருந்தாளியைப் போல மஞ்சு வந்து மூடிக்கொள்ளும்.

வெட்டவெளியில் கறுப்புக் கண்ணாடி சொர்க்கமாக இருந்தது. கண் கூசவில்லை, நெற்றி சுருங்கவில்லை. மரங்களுக்குள் நுழைந்ததும் கதை மாறியது. வேர் எது, வேரின் நிழல் எது என்று புரியவில்லை. காரணம் எளிது. வெயிலுக்கான நல்ல கறுப்புக் கண்ணாடி, வருகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கைத்தான் உள்ளே விடும். வெயிலுக்கு அது போதும். நிழலில் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு. அதையும் வடிகட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? இறங்குகிற பாதையில் ஒரு வேர் தெரியாமல் போனால் கணுக்கால் பிசகுவது நிச்சயம்.

ஒரு பாறையில் உட்கார்ந்து மஞ்சளை மாட்டினேன். வேர்கள் வேறு, மண் வேறு என்று பளிச்சென்று பிரிந்து தெரிந்தன. மஞ்சள் கண்ணாடி வெளிச்சத்தைக் கூட்டுவதாக நினைக்காதீர்கள். எந்தக் கண்ணாடியும் வெளிச்சத்தைக் கூட்டாது. மஞ்சள் செய்வது, நீல ஒளியைக் கழித்து மேடு பள்ளத்தைத் தெளிவாகக் காட்டுவதுதான். இதனால்தான் இரவில் வண்டி ஓட்ட மஞ்சள் கண்ணாடி நல்லது என்ற பேச்சை நம்பக் கூடாது. இருட்டில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது குறைக்கவே செய்யும்.

மாற்றுகிற வேலை எப்படி என்று கேட்பீர்கள். முதல் தடவை நாலு நிமிஷம். மூன்றாம் தடவை ஒரு நிமிஷம். விரல் ரேகை படிகிறது. மெல்லிய துணி ஒன்று அவசியம். உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும். பாறை விளிம்பில் நின்றுகொண்டு மாற்றினால், நழுவுகிற கண்ணாடியோடு மனசும் கீழே போகும். மனசின் பின்னால் காலும் போய்விடலாம்!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கண்ணாடி எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாதுகாப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. கண்ணைக் கெடுப்பது நாம் பார்க்கிற வெளிச்சம் மட்டுமல்ல. பார்க்க முடியாத புற ஊதாக் கதிர்களும்தான். அவற்றைத் தடுப்பது கண்ணாடியின் நிறமல்ல. அது செய்யப்பட்ட பொருளும் அதன் மேல் பூச்சும். என் பெட்டியில் இருந்த நிறமற்ற ஜோடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. பார்த்தால் ஜன்னல் கண்ணாடி போலத்தான் இருக்கிறது; ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கே புற ஊதாக் கதிர்களை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும்.

மாறாக, தடுப்பு இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி என்ன செய்கிறது தெரியுமா? இருட்டென்று நினைத்து நம் கண்மணி அகலமாகத் திறந்துகொள்கிறது. திறந்த வாசல் வழியே கதிர்கள் தாராளமாக உள்ளே போகின்றன. இதைவிடக் கண்ணாடியே போடாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடப்பது மேல். திருவிழாக் கடையில் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் விளையாட்டுக் கண்ணாடி விஷயத்தில் இதை மறக்க வேண்டாம்.

"கோடைக்கானலில் குளிரத்தானே செய்கிறது?" என்பார்கள். குளிருக்கும் இந்தக் கதிருக்கும் சம்பந்தமில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவிகிதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. கோடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆகவே சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. அமர்நாத், கைலாசம் என்று யாத்திரை போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். புதிதாகப் பெய்த பனி, விழுகிற கதிரில் 80 சதவிகிதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். அங்கே பக்கங்களும் மூடிய, மிகக் கறுத்த கண்ணாடி வேண்டும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

எனக்கு வழிகாட்டியாக வந்த பெரியவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. வெறுங்கண்ணோடு நடந்தார். அவருடைய வலது கண்ணில், மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சிவப்பாக ஒரு சதை வளர்ந்திருந்தது.

"எத்தனை நாளாக இது, பெரியவரே?"

"அஞ்சாறு வருஷமா இருக்கு சார். சின்ன வயசிலேருந்து இந்த வெயில்லதானே நடக்கிறேன்? கண்ணு பாப்பாகிட்ட வந்தா அறுக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

வருஷக்கணக்கில் வெயிலும் காற்றும் தூசியும் படுகிறவர்களுக்கு இப்படிச் சதை வளருவது உண்டு. கண்புரைக்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம் என்று மருத்துவம் சொல்கிறது. பாறை முனையில் என் கறுப்புக் கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன். போட்டுக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

"கண்ணைச் சுருக்காமப் பார்க்க முடியுது சார்!"

"மூன்று ஜோடி இருக்கிறது. மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வீர்களா?"

சிரித்துவிட்டார். "வழியிலே உட்கார்ந்து நான் கண்ணாடி மாத்திக்கிட்டிருந்தா, கூட்டிட்டு வந்தவங்க எந்தப் பக்கம் போனாங்கன்னு யார் சார் பார்க்கிறது? எனக்கு ஒண்ணு போதும்."

இந்தக் கண்ணாடியைப் பற்றி அதைவிட நல்ல விமரிசனம் நான் எழுத முடியாது. விடியற்காலையில் புறப்பட்டு அந்தியில் திரும்புகிற நீண்ட நடைக்கு மூன்று ஜோடியும் உபயோகப்படும். இரண்டு மணி நேர நடைக்கு நடுத்தரக் கறுப்பில் ஒரு ஜோடியும் அகல விளிம்புத் தொப்பியும் போதும். பார்வைக்குக் கண்ணாடி அணிகிறவர்கள் அதையே புற ஊதாத் தடுப்போடு செய்துகொள்வது சிக்கனம். வாங்கும்போது "யு.வி. 400" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல கடைகளில் அதை அளந்து காட்டும் சிறு கருவியும் இருக்கும், கேட்கத் தயங்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வருஷத்தில் இரண்டு நாள் மலை ஏறுகிற நமக்குக் கண்ணாடி ஒரு சௌகரியம். வருஷம் முழுவதும் அங்கே சுமை தூக்குகிறவர்களுக்கும், தேயிலை பறிக்கிற பெண்களுக்கும், வழி காட்டுகிறவர்களுக்கும் அது அவசியம். விளம்பரப் படங்களில் அவர்கள் முகம் வருவதில்லை. அடுத்த தடவை மலைக்குப் புறப்படும்போது பையில் ஒரு ஜோடி அதிகமாக எடுத்துவையுங்கள். யாருக்குக் கொடுப்பது என்று அங்கே போனதும் உங்களுக்கே தெரிந்துவிடும்.