குடத்தில் யார் பெயர்?

எங்கள் ரெட்டியார்பாளையத்தில் பக்கத்து வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்கு எழுதியதைத் திருத்தித் தரச் சொல்லி ஒரு நாள் என்னிடம் கொண்டு வந்தாள். "உலகுக்கே முதன்முதலில் ஜனநாயகத்தைக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம்!" என்று தொடங்கியிருந்தாள். பழக்க தோஷம், சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

"ஏன் டீச்சர்? உத்திரமேரூர் கல்வெட்டு பொய்யா?"

பொய்யே இல்லை, பிள்ளைகளே! காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். கி.பி. 919இல் ஒன்று, 921இல் ஒன்று. முதலில் எழுதிய விதியில் குறை இருந்ததால் இரண்டே ஆண்டில் திருத்தி எழுதினார்கள். தப்பைக் கல்லிலேயே திருத்திக்கொண்டவர்கள் என்பதால் எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை.

ஆனால் 'முதல்' என்பதுதான் சரியில்லை. கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் என்ற நகர அரசு அதற்கு 1400 ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 508 வாக்கில், மக்களாட்சியைத் தொடங்கிவிட்டது. அங்கே குன்றின் மேல் ஊர்ச்சபை கூடும். கடைத்தெருவில் நின்று அரட்டை அடிப்பவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றை இழுத்துப் பிடித்து, மாட்டை ஓட்டுவது போலச் சபைக்கு ஓட்டி வருவார்களாம்! நம் பெரிய மார்க்கெட்டில் அப்படி ஒரு கயிறு வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஏதென்ஸில் 500 பேர் கொண்ட மன்றம் ஒன்று இருந்தது. அதற்கு ஆள் எடுத்தது ஓட்டுப் போட்டு அல்ல, சீட்டுக் குலுக்கி! உத்திரமேரூரிலும் அதேதான். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊர்கள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. யார் முதல் என்ற சண்டையைவிட இது எவ்வளவு ருசியான செய்தி!

உத்திரமேரூரில் எப்படிக் குலுக்கினார்கள் தெரியுமா? ஊரை 30 குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சிறியவர் பெரியவர் என்று சபை முழுவதும் கூடியிருக்கும். வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தைத் தூக்கி எல்லாரும் பார்க்கக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்றே அறியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அதை இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதே பையன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏன்? விரல் இடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்துக்கொண்டு மாற்றிவிடக் கூடாதே! அவர் பெயரைப் படிப்பார். அங்கிருக்கும் நம்பிமாரும் ஒவ்வொருவராக அதே ஓலையை உரக்கப் படிப்பார்கள்.

இப்படி 30 பேர். ஆண்டு வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவி 360 நாள்தான். ஒரு முறை இருந்தவர் பெயர் அடுத்த மூன்று ஆண்டுக்குக் குடத்துக்குள் போகாது.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தோன்றுவது இன்னொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமா? அவருடைய அப்பா, பிள்ளை, மாமனார், மருமகன், மைத்துனர், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் வரை யாருமே நிற்க முடியாது! கணக்கை மறைத்தால் வீட்டில் சோறு கிடைத்திருக்குமா?

இந்த விதியைப் பாடம் நடத்தும்போது என் குரல் ஒரு முறை தடுமாறியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஆண்டு என் ஏழாம் வகுப்பில் விழா அலங்காரத்துக்கு ஆளுக்கு இரண்டு ரூபாய் வசூலித்தோம். எப்போதும்போல முதல் ரேங்க் வாங்கும் பையனைத்தான் லீடராக வைத்திருந்தேன். அவன் வசூலித்து என்னிடம் தந்தான். விழா முடிந்ததும் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "மீதிக் காசு என்ன ஆச்சு டீச்சர்?" என்றாள். "அதெல்லாம் உனக்கு எதுக்கு? உட்காரு!" என்று அதட்டிவிட்டேன். அந்தக் காசு என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. சாக்பீஸ், துடைப்பம் என்று பிறகு செலவாகியும் போனது. திருடவில்லை, ஆனால் கணக்கும் சொல்லவில்லை. பிள்ளைகளோ லீடர் பையனைச் சந்தேகப்பட்டார்கள். இரண்டு மாதம் அவனோடு யாரும் சரியாகப் பேசவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உத்திரமேரூரில் இருந்திருந்தால் என் அத்தை பிள்ளைகூட ஏரி வாரியத்துக்கு நின்றிருக்க முடியாது!

ஆனால் நான் உத்திரமேரூரில் பிறந்திருந்தாலும் என் பெயர் ஓலையில் ஏறியிருக்காது. குடத்துக்குள் போக, வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். அது அந்தணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். ஆகவே வயலில் உழுதவர், குடம் வனைந்தவர், பெண்கள் யாருக்கும் இடமில்லை. ஏதென்ஸும் அப்படித்தான். பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் எல்லாரும் சபைக்கு வெளியே. பேச்சுப் போட்டியில் இதையும் சேர்த்துச் சொன்னால் நம் பெருமை குறைந்துவிடாது. சொல்லாமல் விட்டால்தான் குறை.

நம் புதுச்சேரியின் கதையும் கொஞ்சம் கேளுங்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். அப்படி ஓட்டுப் போட்டு இணைந்த மண் இது. அப்படிப்பட்ட ஊரில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அடுத்தது எப்போது? 2006இல்! இடையில் 38 ஆண்டுகள். அந்த 1968இல் பிறந்த குழந்தை தன் வார்டுக்கு முதல் ஓட்டுப் போடும்போது அதற்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருக்கும். 360 நாளுக்கு ஒரு முறை குடம் எடுத்த ஊரை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். நல்ல மார்க் வாங்குபவரே ஆண்டு முழுவதும் லீடர் என்பது எனக்கு இப்போது பிடிக்கவில்லை. நான் பின்னாளில் மாதம் ஒரு முறை சீட்டுக் குலுக்கினேன். வாயே திறக்காத ஒரு பையன் பெயர் வந்தது. "வரிசையில நில்லுங்க" என்று சொல்லவே மூன்று நாள் ஆயிற்று அவனுக்கு. நாலாம் நாள் சொன்னான், எல்லாரும் நின்றார்கள்! இன்னொரு மாதம் வந்தவன் வகுப்புச் சாவியைத் தொலைத்துவிட்டான், அதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் குலுக்கல் சரிவராது. ஏதென்ஸ்காரர்களே படைத்தலைவர்களைக் கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் லீடருக்கு ஓட்டுப் போடுங்கள். கரும்பலகை, தண்ணீர்ப் பானை, செடி, வசூல் காசு இவற்றுக்குக் குலுக்குங்கள். மாதக் கடைசியில் அவரவர் எழுந்து கணக்குப் படிக்கட்டும். டீச்சர் கையில் காசு இருந்தால் டீச்சரும் படிக்கட்டும்!

குடம் கிடைக்காவிட்டால் டிபன் பாக்ஸ் போதும். எல்லார் பெயரும் உள்ளே இருக்கிறதா என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள், லீவு போட்டவர் பெயரையும் சேர்த்து. சீட்டை எடுக்க ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குட்டியைக் கூட்டி வாருங்கள். வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து வாங்கட்டும்.