நாட்டாமை ஓடும்போது எங்கள் வீட்டில் நடப்பது

சென்ற மாதம் காந்திபுரத்தில் ஒரு மாணவர் வாசிப்பு வட்டத்துக்குப் போயிருந்தோம். பேச்சு சினிமா பக்கம் திரும்பியதும் ஒரு தம்பி கேட்டார்: "தோழர், உங்க வீட்டுல சாதிப் பெருமைப் படமெல்லாம் ஓடாதில்லீங்க?" நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஓடும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகூட ஓடியது. ஓடவிட்டவர் யார், அணைக்கப் போனவர் யார் என்று சொல்லியிருந்தால் அந்தத் தம்பி திகைத்திருப்பார். அன்றைக்கு மழுப்பிவிட்டு வந்தோம். இங்கே சொல்லிவிடுகிறோம்.

எங்களுடையது சாதி மறுப்புத் திருமணம். எங்களில் ஒருவர் அவிநாசிப் பக்கம் அருந்ததியர் வளவில் வளர்ந்தவர். இன்னொருவர் கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கம், ஊருக்குள், பண்ணையத்துக்கு ஆள் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர். இதை இருவரும் சேர்ந்துதான் எழுதுகிறோம். எந்த வரி யாருடையது என்று தேட வேண்டாம்.

தொலைக்காட்சியில் 'சின்னக் கவுண்டர்' (1992) அல்லது 'நாட்டாமை' (1994) வந்தால் பதறிக்கொண்டு ரிமோட்டைத் தேடுபவர் ஊருக்குள் வளர்ந்தவர். "அட இருக்கட்டும் உடு, காமெடி வரட்டும்" என்று சாய்ந்து உட்காருபவர் வளவில் வளர்ந்தவர். பலர் இதைத் தலைகீழாகத்தான் எதிர்பார்ப்பார்கள்.

இந்தப் படங்கள் என்ன சொல்கின்றன என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. பரம்பரையாக ஒரே குடும்பம் தீர்ப்புச் சொல்லும். அந்தத் தீர்ப்புக்கு மேல் பேச்சில்லை. ஒரு குடும்பத்தைப் 18 வருடம் தள்ளிவைப்பது நீதி.  'சின்னக் கவுண்டர்' படத்தில் கவுண்டமணி துணி வெளுப்பவராக வந்து சிரிக்க வைப்பார். சேவைச் சாதி என்றால் சிரிப்பு, தீர்ப்புச் சாதி என்றால் கண்ணீர் என்ற பங்கீடு அதிலேயே இருக்கிறது. இவ்வளவும் எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகு எப்படி ஒருவரால் சிரிக்க முடிகிறது?

"எப்படீங்க சிரிக்க முடியுது?" என்று கேட்டபோது வந்த பதில் இது. தொண்ணூறுகளில் வளவில் டி.வி. இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்கப் பண்ணையத்துக்காரர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவர்கள் ஆசாரத்தில் கட்டிலிலும் நாற்காலியிலும். வளவுக் குழந்தைகள் வாசலில், மண்ணில். கதவு பாதி சாத்தியிருந்தால் பாதிப் படம்தான் தெரியும். சோகக் காட்சியில் அவர்கள் அழுவார்கள், நாயகன் தீர்ப்புச் சொன்னால் பெருமையாகக் கனைப்பார்கள். வாசலில் இருந்தவர்களுக்கு அதில் பங்கில்லை. ஆனால் கவுண்டமணி செந்திலை உதைக்கும்போது உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் சிரிப்பு வரும். "வாரத்துக்கு அந்தப் பத்து நிமிசம்தான் நாங்களும் அவிங்களும் ஒண்ணு. அதையும் அரசியல் சரியில்லைன்னு என்கிட்ட இருந்து புடுங்காதே."

தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகை என்று கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதி இல்லை, கையிலிருந்த காசு. சமூகவியல் படிக்கும்போது அந்த வரியை நாங்களும் அடிக்கோடிட்டோம். ஆனால் தொலைக்காட்சி வந்தபோது படம் மறுபடியும் வீட்டுக்குள் போனது. வீட்டுக்கு வாசற்படி உண்டு. 2006இல் தி.மு.க. ஆட்சியில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைப் பொருளாதாரம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள். வளவுக்கு அந்தப் பெட்டி வந்த பிறகுதான் ஒரு மனிதர் தன் வீட்டில், தன் பாயில் படுத்துக்கொண்டு, "இந்தப் படம் நல்லால்லை" என்று சத்தமாகச் சொல்ல முடிந்தது. வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏது கருத்து?

ஊருக்குள் வளர்ந்தவரின் அவமானம் வேறு ரகம். கோபிப் பக்கம் அப்போது ஷூட்டிங் இல்லாத மாதம் இருக்காது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போவார்கள். திரையில் வரும் தோளும் துண்டும் அதட்டலும் தாத்தாவுடையவை. அந்தப் படங்களைப் பார்ப்பது குடும்ப ஆல்பத்தைப் புரட்டுவது மாதிரி. அந்த ஆல்பத்தில் வாசலில் நின்றவர்களின் முகம் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதனால்தான் அணைக்கத் தோன்றுகிறது. அந்த வீட்டுக் கதவு இன்று இவருக்கும் சாத்தியிருக்கிறது. தள்ளிவைப்பு படத்தில் மட்டும் நடப்பதில்லை.

இனி 'மாமன்ன'னுக்கு வருவோம். 2023 ஜூனில் திரையரங்கிலும் அடுத்த மாதம் நெட்ஃபிளிக்ஸிலும் வந்தது. இந்தப் படமே ஒரு கருத்து வேறுபாட்டில் பிறந்ததுதான். 'தேவர் மகன்' தனக்குத் தந்த வலியைப் பற்றி, கமல்ஹாசன் வந்திருந்த விழாவிலேயே மாரி செல்வராஜ் பேசினார். அதில் வடிவேலு நடித்த இசக்கிதான் மாமன்னன் என்றார். 1992இல் பார்த்த படத்தோடு போட்ட சண்டை 31 வருடம் கழித்து இன்னொரு படமானது.

எங்கள் வீட்டில் அதைப் பார்த்தபோது, குளிக்கப் போன சிறுவர்களைக் கல்லால் அடிக்கும் காட்சியில் வளவில் வளர்ந்தவர் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினார். காட்சி முடிந்தும் வரவில்லை. இன்னொருவர் அழுதுகொண்டே முழுப் படத்தையும் பார்த்தார். "நல்ல படந்தான். ஆனா எனக்கு எடுத்ததில்லை. அவிங்களுக்குக் காட்ட எடுத்தது" என்றார் அவர். "அந்த அவிங்கள்ல நானும் ஒருத்திதானுங்களே. சட்டமன்ற உறுப்பினர் நிக்கிறார், பக்கத்துல நாற்காலி சும்மா கிடக்குது. எங்க ஆசாரத்துல எத்தனை நாற்காலி கிடந்துச்சுன்னு அன்னைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன்." (பேச்சில் ஒருத்தி என்று வந்துவிட்டது. இனி மறைத்து என்ன?)

இரண்டு பேச்சுமே சரி என்றுதான் எங்களுக்குப் படுகிறது. ஆனால் முதல் பேச்சைத் தோழர்கள் யாரும் கேட்க விரும்புவதில்லை. ஒரு தலித் மாமன்னனைப் பார்க்க முடியாமல் எழுந்து போனால் 'இன்னும் அரசியல்படவில்லை' என்கிறார்கள். நாட்டாமையில் மிக்சர் தின்பவரைப் பார்த்துச் சிரித்தால் 'அடிமை மனம்' என்கிறார்கள். சாதி இந்து வீட்டில் பிறந்தவர் அதே படத்துக்கு அழுதால் கைத்தட்டல். ஒரு படத்துக்கு எப்படி எதிர்வினை செய்ய வேண்டும் என்ற தேர்வைக்கூட நம் ஆட்கள்தான் எழுத வேண்டுமா?

"அவிங்களுக்குக் காட்ட எடுத்தது" என்றாரே, அவர்கள் பார்த்தார்கள். நெட்ஃபிளிக்ஸில் வந்த சில நாட்களில் ரத்னவேலு வரும் காட்சிகளை வெட்டி, சாதிப் பாட்டு சேர்த்து, அந்தப் பாத்திரத்தையே நாயகனாக்கி இணையம் முழுக்க ஓடவிட்டார்கள். எங்களுக்கு அது புதிதில்லை. 2015இல் ஓமலூர் கோகுல்ராஜ் கொல்லப்பட்ட வழக்கில் தேடப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸப்பில் குரல் பதிவுகளை விட்டதையும், அவை கொங்கு இளைஞர்களின் கைபேசிகளில் சுற்றியதையும் பார்த்திருக்கிறோம். அவருடைய ஆயுள் தண்டனையை சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 ஜூன் 2. 'மாமன்னன்' வெளிவந்ததும் அதே ஜூனில்தான். தீர்ப்பைவிட ரத்னவேலு வீடியோக்கள் அதிகக் கைகளுக்குப் போயிருக்கும்.

எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து உள்ள காட்சி ஒன்றே ஒன்று; அது சினிமா இல்லை. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டிய கண்காணிப்பு கேமராப் பதிவு. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு கைபேசியில் பார்த்தோம். அடுத்த வருடம் பதிவு செய்துகொண்டோம். இன்றும் யாராவது அதை அனுப்பினால் இருவருமே திறப்பதில்லை. விழிப்புணர்வுக்கு என்று சொல்லி அனுப்பும் தம்பிகளே, யாருக்கு அனுப்புகிறோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

எங்கள் மகளுக்கு ஏழு வயது. 'நாட்டாமை' பார்த்த மறுநாள் அவள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். தோளில் குளியல் துண்டு, கையில் சொம்பு, பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால். அப்பாவை எதிரில் கைகட்டி நிற்கச் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே நின்றார். அவருடைய அப்பா வாழ்நாளெல்லாம் எங்கே அப்படி நின்றார் என்று அவளுக்குத் தெரியாது. அம்மா போய்த் துண்டைப் பிடுங்கினாள். மகள் அழுதாள். அன்றிரவு எங்களுக்குள் நடந்தது பெரிய சண்டை. "என் புள்ள நாற்காலியில உக்காந்து தீர்ப்புச் சொல்றா, அதைப் போய் எறக்கி உட்டுட்டயே" என்பது ஒருவர் கட்சி. "எதிர்ல ஒருத்தரை நிக்க வெச்சாத்தான் அது நாற்காலியா?" என்பது இன்னொருவர் கட்சி. இன்னும் தீரவில்லை.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். எதையும் அணைப்பதில்லை. எந்தப் படம் ஓடினாலும் ஓடட்டும், எழுந்து போக நினைப்பவர் போகட்டும். முடிந்ததும் மகள் முன்னாலேயே இருவரும் அவரவர் கருத்தைச் சொல்ல வேண்டும், ஒத்துப்போக வேண்டியதில்லை. போன வாரம் 'மாமன்னன்' மறுபடி ஓடியபோது அந்த வீட்டுக் காட்சியில் அவள் உள்ளே வந்தாள். "நாற்காலி சும்மாதான இருக்குது, அந்தத் தாத்தா ஏன் நிக்கிறாரு?"

படத்தை நிறுத்தினோம். அப்பா சொல்லட்டும் என்று அம்மாவும், அம்மா சொல்லட்டும் என்று அப்பாவும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.